ஒரு டப்பா, ஒரு பாட்டில், ஒரு வாண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. நடக்கக் கற்று, ஓடக் கற்று, ஆனால் நிற்க மட்டும் கற்றுக்கொள்ளாத வயதுப் பிள்ளையை வெளியே எப்படிக் கூட்டிக்கொண்டு போவது, அங்கே என்ன தின்னக் கொடுப்பது, திரும்ப எப்படிக் கூட்டிவருவது. மூன்றாவதுதான் பெரும்பாடு என்று எழுதியவர்களே அதிகம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. பூங்காவுக்குப் போனால் மற்ற குழந்தைகள் மணலில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள், இவன் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் "ரொம்பத் துறுதுறுன்னு இருக்கானே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்கிறார்கள். காட்ட வேண்டுமா?

பதில்: ஓடுகிறான் என்பதற்காகக் காட்ட வேண்டியதில்லை. இந்த வயதுக்கு வேலையே அதுதான். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகளை அவர்கள் போக்கில் விளையாடவிட்டு, எத்தனை அடி எடுத்து வைக்கிறார்கள் என்று எண்ணினார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி. அந்த ஒரு மணி நேரத்துக்குள் 17 முறை விழுந்து எழுந்திருக்கிறார்கள். நாமெல்லாம் மணிக்கு 17 முறை விழுந்தால் மறுநாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலும் 1 முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம், ஏதோ ஒரு விதத்தில் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. உங்கள் மகன் அந்த மூன்று மணி நேரக் கணக்கை ஒழுங்காக முடிக்கிறான், அவ்வளவுதான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே இல்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை, முன்பு பேசிய வார்த்தைகள் நின்றுபோயின, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள். அது ஓட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஓட்டத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நல்ல செருப்பு. அவனுக்கு இல்லை, உங்களுக்கு.

கேள்வி: நான் அப்பா. வேலை முடிந்து வந்து ஆறு மணிக்கு மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன், ஏழரைக்குத் திரும்புவோம். வயது இரண்டு முடிந்து இரண்டு மாதம். போகும்போது சந்தோஷம்தான். "கிளம்பலாமா" என்று வாயைத் திறந்ததும் தரையில் படுத்துவிடுகிறாள். அலறுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி நான் தெருவில் நடந்துவருகிறேன். வாரத்தில் மூன்று நாள் இதே கூத்து.

பதில்: கடிதத்தில் குழந்தையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்குக் கண்ணில் பட்டது அந்த ஏழரைதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஏழரை மணி என்றால் பசியும் தூக்கமும் ஒன்றாகக் கதவைத் தட்டுகிற நேரம். அந்த நேரத்தில் பெரியவர்களுக்கே நியாயம் பேசினால் ஏறாது. ஒன்றரை மணி நேரத்தை முக்கால் மணி நேரமாகக் குறையுங்கள். போனதும் ஓட விடுங்கள், பாதியில் பெஞ்சில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து ஏதாவது கொடுங்கள், அப்புறம் ஒரு சிறு ஆட்டம், பிறகு வீடு. விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கிளம்பச் சொன்னாலும் சண்டை, களைத்துப்போன பின் சொன்னாலும் சண்டை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் குழந்தை தானாகவே மந்தமாகும், ஓட்டம் நடையாகும், நம் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. "ஐந்து நிமிஷத்தில் கிளம்பணும்" என்று சொல்வீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் சொல்வோம். அந்த வயதில் ஐந்து நிமிஷம் என்பது வெறும் சத்தம். "இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் வீடு" என்றால் புரியும், ஏனென்றால் சறுக்குவதைக் கண்ணால் பார்க்கலாம், விரல் விட்டு எண்ணலாம். ஆனால் மூன்று என்றால் மூன்று. அழுகிறாளே என்று நான்காவதைக் கொடுத்தீர்களானால், நாளைக்குப் பேரம் நான்கிலிருந்து தொடங்கும், அடுத்த வாரம் எட்டில் வந்து நிற்கும். கிளம்பும்போது கையில் ஒரு வேலை கொடுங்கள். காலி டப்பாவைத் தூக்கி வருவது, வண்டியைத் தள்ளுவது, வீட்டுக் கதவைத் தானே தட்டுவது, எதுவாக இருந்தாலும் சரி. எதையோ விட்டுவிட்டுப் போகிறோம் என்று இருந்த மனசு, ஏதோ செய்யப் போகிறோம் என்று மாறிவிடும்.

இத்தனைக்கும் பிறகும் சில நாள் படுப்பாள். பக்கத்தில் உட்காருங்கள், குறைவாகப் பேசுங்கள். "போக மனசில்லை, இல்லையா" என்று ஒருமுறை சொன்னால் போதும், பிரசங்கம் வேண்டாம். ஆசையை அடக்குகிற, கோபத்தைத் தணிக்கிற மூளைப் பகுதி அவளுக்கு இன்னும் வளரவே தொடங்கவில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கிறது, வேண்டுமென்று செய்வதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அமைதியாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அவர்களில் பாதிப் பேர் இதே வழியாக நடந்து வந்தவர்கள்தான்.

கேள்வி: வெளியே கிளம்பினால் தள்ளுவண்டியில் உட்கார வைப்பதற்காகவே பிஸ்கட் கொடுக்கிறேன். முடிந்தால் அடுத்து ஏதாவது. கடைக்குப் போய் வருவதற்குள் ஒரு டப்பா காலி. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைத் தொடுவதில்லை. "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று மாமியார் கவலைப்படுகிறார். (வயது ஒன்றரை)

பதில்: சாப்பிடாமல் இல்லையே, கடைவரை போய் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டான்! மாமியாரிடம் அந்தக் காலி டப்பாவைக் காட்டுங்கள்.

எனக்கும் இதில் பழைய குற்ற உணர்ச்சி ஒன்று உண்டு. என் மூத்தவன் இந்த வயதில் இருந்தபோது தின்பண்டத்தை நான் உணவாகவே நினைத்ததில்லை, வாய்ப்பூட்டாகத்தான் வைத்திருந்தேன். வரிசையில் நிற்க வேண்டுமா, ஒரு பிஸ்கட். போனில் பேச வேண்டுமா, இன்னொன்று. அழுதால், சலித்தால், விழுந்தால், எல்லாவற்றுக்கும் மருந்து டப்பாவில் இருந்தது. சலிப்பு வந்தால் வாயில் எதையாவது போட வேண்டும் என்று நானே அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதை மறக்க வைக்க அப்புறம் எத்தனை மாதம் ஆயிற்று என்று இங்கே எழுதப் போவதில்லை.

சின்ன வயிறு, அடிக்கடி சாப்பிட வேண்டும் என்பது சரிதான். 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு நாளில் 3, 4 வேளை உணவும், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு முறை சிற்றுண்டியும் போதும். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டரை, வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். நாள் முழுக்க ஒவ்வொரு துண்டாகக் கொறித்துக்கொண்டே இருந்தால் பசி என்பதே தெரியாமல் போகும், பல்லுக்கும் கேடு. மாவுப் பண்டம் பல்லில் ஒட்டி நிற்க நிற்க, வாயில் உள்ள கிருமிகள் அதிலிருந்து அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

அதனால் டப்பாவுக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் வையுங்கள். நேரம் இரண்டு வேளை உணவுக்கு நடுவில். இடம் எங்கேயாவது உட்கார்கிற இடம், புல்தரை, பெஞ்சு, படிக்கட்டு, எதுவானாலும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது உங்கள் அதிகாரம். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவன் அதிகாரம். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடினால் டப்பாவை மூடிவிடுங்கள், பின்னால் ஓடி ஊட்ட வேண்டாம்.

டப்பாவில் என்ன? பிஸ்கட்டுக்குப் பதில், உணவின் சின்ன உருவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம், ஆவியில் வேகவைத்த ஆப்பிள் அல்லது கேரட், வேகவைத்த முட்டையில் கால் பங்கு, சீஸ் துருவல், ரொட்டித் துண்டு, மசித்த பட்டாணி, கெட்டித் தயிர். ஒரு மாவுப் பொருள், ஒரு பழம் அல்லது காய், ஒரு புரதம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அடுத்த வேளை வரை தாங்கும். வெறும் பிஸ்கட் அரை மணியில் கரைந்து மறுபடி கேட்கும். புது உணவைத் துப்பிவிட்டானா, பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு, பத்து முறை, சில சமயம் பதினைந்து முறை கூடக் கண்ணில் பட்ட பிறகுதான் குழந்தைகள் ஒன்றை வாய்க்குள் அனுமதிப்பார்கள்.

முட்டை, தயிர், நறுக்கின பழம் எல்லாம் வெளியே எடுத்த பின் இரண்டு மணி நேரம் வரைதான். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். மிச்சம் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரிக்கு வைக்க வேண்டாம், மனசு கேட்காதுதான், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பிஸ்கட் கொடுக்காமல் தள்ளுவண்டியில் உட்கார வைப்பது எப்படி? பழச்சாறு கொடுக்கலாமா?

பதில்: குழந்தை வண்டியில் உட்கார மறுக்கிறது என்றால் நடக்க விடுங்கள், அதற்குத்தான் அது கேட்கிறது. பத்து நிமிட வழி அரை மணியாகும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள். பழச்சாறு வேண்டாம், பழமே நல்லது. கொடுத்தே தீர வேண்டுமென்றால், 1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல் சொன்னது. ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். பாலைப் பாட்டிலில் ஊற்றி வழியெல்லாம் உறிஞ்ச விடுவதும் இதே கணக்குத்தான். நாளுக்கு அரை லிட்டர், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் என்ற அளவைத் தாண்டினால் உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

கேள்வி: நான் தாத்தா. பேத்தியை தினமும் நான்தான் வெளியே கூட்டிப்போகிறேன். வழியில் திராட்சை வாங்கிக் கொடுப்பேன், சட்டைப் பையில் வேர்க்கடலை இருக்கும். மருமகள் அதைப் பார்த்துப் பதறிப் பிடுங்கிவிட்டாள். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதே, இதில் என்ன ஆபத்து? கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருக்கிறது.

பதில்: ஐயா, வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த வழக்கில் நான் உங்கள் மருமகள் பக்கம்.

முளைத்திருக்கிற பல்லைப் பாருங்கள். முன்பல் கடிக்கும், வெட்டும். அரைப்பது கடைவாய்ப் பல்தான். அதில் முதல் ஜோடி ஒன்று, ஒன்றரை வயதில் வரும், இரண்டாவது ஜோடி இரண்டு வயதிலிருந்து மூன்றுக்குள். அது வந்த பிறகும் மென்று அரைக்கப் பழக நாளாகும். அதனால் பேத்தி கடலையைக் கடித்து இரண்டாக்குவாள், அரைக்க மாட்டாள். அந்த அரைக் கடலை, ஓடும்போது, சிரிக்கும்போது, விழுந்து அழ மூச்சை இழுக்கும்போது, உணவுக்குழாயை விட்டுவிட்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திராட்சை அதைவிட மோசம். வழவழப்பு, உருண்டை, அழுத்தினால் நெகிழும். குழந்தையின் தொண்டையில் சரியாகப் பொருந்தி, பாட்டிலுக்குத் தக்கை அடைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும், பக்கத்தில் காற்றுப் போகக் கூட வழியிருக்காது.

திராட்சையை நிறுத்தச் சொல்லவில்லை. நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள், குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், அது போதாது. சின்னத் தக்காளி, சாசேஜ் எல்லாவற்றுக்கும் இதே நீளவாக்கு வெட்டுத்தான். பச்சைக் கேரட்டையும் கெட்டி ஆப்பிளையும் வேகவையுங்கள், இல்லையென்றால் துருவுங்கள். முழுக் கொட்டைகள் ஐந்து வயது வரை வேண்டாம். பொடித்தோ, வெண்ணெயாக்கி ரொட்டியில் மெல்லியதாகத் தடவியோ கொடுக்கலாம், கரண்டியில் கட்டியாக ஊட்டக் கூடாது. பாப்கார்ன், கெட்டி மிட்டாய் நான்கு வயதுக்கு முன் கிடையாது. சட்டைப் பைக் கடலையை நீங்கள் சாப்பிடுங்கள், அவள் பார்க்காத நேரத்தில்.

எதைக் கொடுத்தாலும் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள். நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ வேண்டாம். கார் ஓட்டுகிறவர் மட்டும் முன்னால் இருக்க, பின்சீட்டில் குழந்தை தின்றுகொண்டு வருவதும் வேண்டாம். ஏனென்றால் தொண்டை முழுதாக அடைத்தால் சத்தமே வராது. சத்தமாக இருமுகிற குழந்தையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இருமட்டும், அதுதான் நல்ல வழி. இருமவோ அழவோ முடியாமல் வாயைத் திறந்து மூடினால்தான் அவசரம். உதவிக்குக் கத்துங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வரவில்லையா, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேல், மார்பெலும்புக்குக் கீழ் முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறி. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பில்தான். தொண்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். பொருள் வெளியே வந்துவிட்டாலும், வயிற்றை அழுத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மயங்கிவிட்டால் உடனே அவசர ஊர்தியை அழைத்து, இதயமும் மூச்சும் மீட்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். எழுத்தில் படித்தால் கை பழகாது ஐயா, முதலுதவி வகுப்பு எங்காவது நடந்தால் மருமகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். அவர் மனசும் ஆறும், உங்கள் மனசும் ஆறும்.

கேள்வி: இனிப்பு கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆட்டம் அதிகமாகிறது என்பது உண்மைதானே? பிறந்தநாள் விழாக்களில் கேக் தின்ற பிறகு என் மகன் தலைகால் தெரியாமல் ஆடுகிறான்.

பதில்: இல்லை, ஆட்டத்துக்குக் காரணம் கேக் இல்லை, விழா. முப்பது பேர், பலூன், பாட்டு, தூக்கம் போன மதியம், இதில் கேக்கே இல்லாவிட்டாலும் ஆடுவான். 1995-இல் அதுவரை நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 5 முதல் 7 வயதுப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் "உங்கள் பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை ரொம்ப ஆட்டம் போடுவதாகச் சொன்னார்கள், அவனை விட்டு நகராமல் நின்று அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஆட்டம் யார் தலையில் இருந்தது பாருங்கள்.

இதைச் சொன்னதும் சர்க்கரைக்கு நான் நற்சான்று கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லுக்காகவும் பசிக்காகவும் இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த பண்டம் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது. தேன் ஒரு வயதுக்குள் அறவே கூடாது, அதற்குக் காரணம் வேறு: தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும்.

கேள்வி: உணவகத்தில் சாப்பாடு வரும் வரை போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். தப்பா?

பதில்: என்றைக்காவது ஒரு நாள் என்றால் தப்பில்லை. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்று முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. நான் வேறு வழி சொல்கிறேன்: உணவு வரும் வரை ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும், மற்றவர் வாசலில் குழந்தையோடு நடக்கட்டும். தட்டு மேசைக்கு வந்ததும் உள்ளே வாருங்கள். உட்காரும் பொறுமை பத்து நிமிடம்தான் என்றால் அந்தப் பத்தையும் காத்திருப்பதிலேயே செலவழித்துவிட்டு, சாப்பாடு வந்ததும் எழுந்துகொள்கிறான் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: கூட்டமான இடத்தில் மகள் கையை உதறிவிட்டு ஓடுகிறாள். முதுகுப் பையோடு கயிறு வைத்து விற்கிறார்களே, அதை மாட்டினேன். "நாய்க்குட்டியா?" என்று ஒருவர் சிரித்தார்.

பதில்: சிரித்தவர் உங்கள் மகள் சாலையில் ஓடினால் பின்னால் ஓடிவருவாரா? மாட்டுங்கள். சாலையோரம், நிலையம், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களில் அது நல்ல பொருள், வெட்டவெளியில் வேண்டாம். ஆனால் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்துவதற்காக இல்லை, பிடி நழுவினாலும் ஆள் நழுவக் கூடாது என்பதற்காக. கூடவே "நில்" என்ற ஒரு வார்த்தையை வீட்டு முற்றத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள், ஓடு, நில், ஓடு, நில். நின்றால் கைதட்டல்.

கேள்வி: நடக்கும்போது அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுகிறார்கள். பிள்ளை கெக்கெக்கே என்று சிரிக்கிறது. எனக்கு மட்டும் உள்ளூரப் பயம்.

பதில்: பயம் நியாயமானது. 1 முதல் 4 வயது வரை முழங்கை மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் இளசு, கையைப் பிடித்துச் சட்டென்று இழுத்தாலோ தூக்கினாலோ எலும்பு அதிலிருந்து லேசாக நழுவிவிடும். குழந்தை அந்தக் கையை அசைக்காமல் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், அழக் கூட அழாது சில சமயம். மருத்துவர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார், ஆனால் நாமே முயலக் கூடாது. அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், சிரிப்பு குறையாது.

அப்படியே சறுக்குமரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாசத்தில் மடியில் உட்கார வைத்துக்கொண்டு சேர்ந்து சறுக்குவோம். குழந்தையின் கால் ஓரத்தில் உரசி நிற்கும், நம் எடை மட்டும் நிற்காமல் கீழே போகும், முறிவது அதன் முழங்காலுக்குக் கீழ் எலும்பு. தனியாகச் சறுக்கத் தெரியாத குழந்தை அந்தச் சறுக்குமரத்துக்கு இன்னும் வளரவில்லை என்று அர்த்தம், சின்னதாகப் பாருங்கள். வெயில் நாளில் முதலில் உங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், பிளாஸ்டிக்கும் சுடும்.

கேள்வி: சுற்றிவிட்டு வரும்போது காரிலேயே தூங்கிவிடுகிறான். எழுப்ப மனசில்லாமல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கடைக்குள் ஐந்து நிமிடம் போய்வரலாமா?

பதில்: கூடாது. நின்ற காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும், கண்ணாடியை இறக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடல் நம்முடையதைவிட மிக வேகமாகச் சூடேறும். எழுப்புங்கள், அழட்டும்.

கேள்வி: கடையில் பணம் கட்டும் வரிசையில் சாக்லேட்டைக் குழந்தையின் கண்மட்டத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரகளை.

பதில்: அடுக்கியவர் வேலை தெரிந்தவர். நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பசியோடு கூட்டிப்போகாதீர்கள், இது முதல் விஷயம். உள்ளே போகும் முன்பே "இன்னைக்கு நாம வாங்கப் போறது ரொட்டியும் வாழைப்பழமும்" என்று சொல்லிவிடுங்கள், வரிசைக்கு வரும்போது அந்த வாழைப்பழத்தை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை அவனிடம் விடுங்கள். கேட்டால் "இன்னைக்கு இல்லை" என்று ஒரே வார்த்தை. ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டு அழுகைக்குப் பயந்து வாங்கிக் கொடுப்பதைவிட, முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுவது மேல், உண்மையாகவே சொல்கிறேன். ஒருநாள் நான் கூடையை அப்படியே வைத்துவிட்டு, அலறும் பிள்ளையோடு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் ரொட்டி இல்லை. ஒன்றும் ஆகிவிடவில்லை.

கேள்வி: நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். டப்பா, நேரம், நீளவாக்கு, மில்லி என்று இப்படிக் கணக்குப் போட்டதே இல்லை, அவர்கள் பாட்டுக்கு வளர்ந்தார்கள். இப்போதுள்ள பெற்றோர் ரொம்ப அலட்டிக்கொள்கிறார்கள் என்று தோன்றவில்லையா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன் அம்மா. வெளியே போவதற்கு முன் இரண்டு மணி நேரம் ஆயத்தம் செய்துவிட்டு, அந்த அலுப்பிலேயே போகாமல் இருந்துவிடுகிறவர்களை எனக்கும் தெரியும். வாழைப்பழம் ஒன்றும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும், மீதி எல்லாம் உபரி. அளவு, நேரம் எல்லாம் முன்னே பின்னே இருந்தால் உலகம் இடிந்துவிடாது. ஆனால் திராட்சையிலும் முழுக் கொட்டையிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள், சந்தோஷம். அந்த ஒன்று ஆகிவிட்ட வீட்டிலிருந்து யாரும் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை.

கேள்வி: சரி, கடைசியாக ஒரே மூச்சில் சொல்லுங்கள், பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: தண்ணீர், டப்பா, ஈரத் துணி, தொப்பி, மாற்று உடை ஒரு செட். அப்புறம் உங்களுக்கும் ஒரு சட்டை. தயிரோடு கட்டிப்பிடிக்க வந்தால் ஒதுங்கவா முடியும்?